பொழுதுபோக்கில் சேர்ந்தவை

சாப்பாட்டு மேசையின் நடுவில், தண்ணீர்க் குடுவை இருக்க வேண்டிய இடத்தில், மருமகளின் ஷட்டில் மட்டை கிடந்தது. யாரும் தட்டைத் தொடவில்லை.

"வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். வருஷத்துக்கு நூத்தி நாலு" என்றார் மாமனார். "இதுல ஒரு புஸ்தகமே எழுதிடலாம்மா."

ஆலை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் நேரக் குறிப்பாளராக இருந்தவர் அவர். தொழிலாளி வாசலில் கால் வைக்கும் நிமிஷத்தைப் பதிவேட்டில் எழுதுவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு எழுத ஆள் இல்லாமல் கை நமைத்துக்கொண்டிருந்தது. அன்று வசமாக ஒரு ஆள் அகப்பட்டாள். மண்புழுக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யும் மருமகளின் இரண்டாம் அத்தியாயத்தைப் பேராசிரியை திருப்பி அனுப்பியிருந்தார். ஆறு வாரத்தில் மாற்றி எழுதித் தராவிட்டால் ஒரு வருஷம் வீண்.

"ஷட்டில விட்டுடேன். படிப்பு முடியட்டும், அப்புறம் ஆடிக்கோ" என்றான் கணவன். மருந்துக் கம்பெனி விற்பனையாளன். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன், அதனாலேயே எதையும் யோசிக்காதவன்.

யாருக்கும் மனைவியாக, மருமகளாக, மாணவியாக இல்லாமல் அவள் வெறும் ஆளாக வியர்த்து நிற்பது சனிக்கிழமைக் காலையின் அந்த இரண்டு மணி நேரம்தான். அதிலும் கை வைக்கிறார்களே!

"விடறேன் மாமா. ஆனா என் நேரத்தை எதெது தின்னுதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாத்துடலாமே. நீங்களே எழுதுங்க."

கரும்பு தின்னக் கூலியா வேண்டும்! மாமனார் சாப்பிடக் கை கழுவின ஈரத்தோடு ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டுவிட்டார். வேலை, படிப்பு, பொழுதுபோக்கு என்று மூன்று கட்டங்கள். மறுநாளிலிருந்து அவள் வெங்காயம் நறுக்கினால் சமையலறை வாசலில் கடிகாரத்தோடு நின்றார். துணி காயப்போட்டால் மொட்டை மாடிக்கே ஏறி வந்தார். முழங்கால் வலியைக்கூட அந்த வாரம் மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கூட்டி வைத்து வாசித்தார்.

"வேலை, ஒண்ணுமில்ல. படிப்பு, இருபத்தோரு மணி. பொழுதுபோக்கு..." கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகனைப் பார்த்தார். "நாப்பத்தாறு மணிடா!"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். சமையல் பத்தொன்பது, துணி ஒன்பது, வீடு பெருக்கித் துடைத்தது எட்டு, கடை கண்ணி எட்டு, ஷட்டில் இரண்டு. கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

"சமையல் எப்படி மாமா பொழுதுபோக்கு?"

"வேலைன்னா ஆபீஸ் வேணும், அதிகாரி வேணும், சம்பளம் வேணும். இதுல எது இருக்கு? படிப்பும் கிடையாது. அப்ப மிச்சம் ஒரு கட்டம்தானே? அதுவுமில்லாம, நீ பாடிக்கிட்டே கிளறினே. நான் என் கண்ணால பாத்தேன்."

"இவர் ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி நேரம் சீட்டு ஆடறாரே?"

"அது வேலை. நாலு டாக்டருங்களோட பழக்கம், நாளைக்கு வியாபாரத்துக்கு ஆகும்."

கணவன் அடக்கமாகத் தலையாட்டினான்.

"அத்தியாயம் முடியிற வரைக்கும் மூணாவது கட்டத்துல இருக்கறது மொத்தமும் நிறுத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார் மாமனார். "சம்மதமா?"

"மொத்தமுமா?"

"ஒண்ணு விடாம!"

"அப்ப சம்மதம். கையெழுத்துப் போட்டுக் குடுங்க மாமா."

சிவப்பு மையில், தேதியோடு, போட்டுக் கொடுத்தார்.

திங்கட்கிழமைக் காலை ஏழரை மணிக்கு அப்பனும் பிள்ளையும், பின்னாலேயே மாமியாரும், சாப்பிட வந்து உட்கார்ந்தார்கள். மேசையில் தட்டு இல்லை, மண்புழுப் படங்கள்தான் பரப்பிக் கிடந்தன. குக்கரும் வாணலியும் ஷட்டில் மட்டையும் பரண் மேல் ஏறியிருந்தன. துடைப்பத்தின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"சாப்பாடு எங்கம்மா?"

"நிறுத்திட்டேன் மாமா. நீங்க சொன்னது சரிதான், இப்பவே ரெண்டு பக்கம் எழுதிட்டேன்." தாளை மரியாதையாக அவர் பக்கம் நகர்த்தினாள்.

கணவன் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். "அப்பா, அந்தச் சமையல் வரிய மட்டும் அடிச்சிடுங்களேன்."

மாமனார் பேனாவின் மூடியைத் திறந்தார். மேலாளர் வந்து நின்று கேட்டபோதும் பதிவேட்டில் ஓர் எழுத்தை அடித்துத் திருத்தாத மனிதர். அடிப்பதென்றால் எந்தக் கட்டத்துக்கு மாற்றுவது? வேலை என்று எழுத மனசு வரவில்லை. மூடியை மூடினார்.

"அட, இவ இல்லாட்டி என்ன? நீ போய் அடுப்பப் பத்த வை" என்றார் மனைவியிடம்.

மாமியார் பழக்கத்தில் எழுந்து இரண்டு எட்டு நடந்தாள். பிறகு திரும்பி வந்து, அந்தத் தாளை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சமையல், துணி, பெருக்கித் துடைத்தது, கடை. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இருபத்தொம்பது வருஷமா நான் பொழுதுதான் போக்கிட்டு இருந்தேனா?" என்று கேட்டாள்.

அவள் மருமகள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு இந்தப் பொழுதுபோக்கு அலுத்துப்போச்சுங்க" என்றாள்.