பதற்றமான சகலை

தேர்தலை முன்னிட்டு என் சகலை அருமைநாயகத்தைப் பதற்றமானவர் என்று அறிவித்தார்கள். வழக்கமாக வாக்குச்சாவடிகளைத்தான் அப்படி அறிவிப்பார்கள். இந்த முறை ஆட்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு முன்னறையில் அவரைச் சுற்றி நான்கு போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

அவருக்கு முதலில் பல்தான் கூசியது. பிறகு வெளிச்சம் கூசியது. பிறகு ஆட்களைக் கண்டாலே கூசினார். இப்போது யாராவது உரக்கப் பேசினால் தொட்டாற்சுருங்கி மாதிரி மடிந்துவிடுகிறார். தன் தங்கைக்குப் பொறுமை போதாது என்று அவரை இங்கே அழைத்து வந்தவளே என் மனைவி செல்வராணிதான். அவர் விரியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறாள். அவர் ரொம்ப சென்சிடிவ் என்று போலீஸ்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறாள்.

எனக்கு வயிறு எரிந்தது. என் மேல் உட்கார்ந்த ஒரு ஈயைக்கூட அவள் விரட்டியதில்லை. என்னையும் பதற்றமானவன் என்று அறிவிக்கச் சொல்லித் தாலுகா அலுவலகம் போனேன். நான் நடக்க நடக்க அதிகாரியின் மேசை பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கெஞ்சியதும் நின்றது.

அதிகாரி என் பல்லில் ஐஸ் வைத்தார். கண்ணில் டார்ச் அடித்தார். அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினார். எவ்வளவு முயன்றும் எனக்கு எதுவும் வரவில்லை.

“உங்களுக்குச் சொரணையே இல்லையே சார்” என்றார். திட்டவில்லை. முடிவைச் சொன்னார்.

“அப்படிச் சொன்னா மனசு வலிக்குதுங்க.”

“வலிச்சா சுருங்கணுமே. நீங்க அதே அளவுலதான இருக்கீங்க?”

டேப் வைத்து அளந்து காட்டினார். அதே அளவுதான்.

வீடு திரும்பியபோது அருமைநாயகம் கொய்யாக்காய் அளவுக்குச் சுருங்கியிருந்தார். ஒரு போலீஸ்காரர் தும்மிவிட்டாராம். தும்மியவரை மற்ற மூவரும் கைது செய்து கூட்டிப்போய்விட்டார்கள். செல்வராணிக்கு அழுகை நிற்கவில்லை. அருமைநாயகத்தைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்களே வச்சுக்கோங்க. உங்களுக்குத்தான் எதுவும் உறைக்காதே.”

விரல்களை மடக்கினால் போதும். அந்த எண்ணம் எனக்கு வந்தது, மறைப்பானேன்.

அருமைநாயகம் கண்ணைத் திறந்தார். “அண்ணே, உங்களுக்கு ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டார். இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதைக் கேட்டது அவராக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

செல்வராணி பதறிப்போனாள்.

“ஏங்க, அவரைக் கஷ்டப்படுத்தாதீங்க. வலிக்கிறதா இருந்தா இன்னொரு கையில வலிக்கட்டும்.”

வலியை மாற்றிக்கொண்டேன்.