வலிக்கிறதா என்று கேட்கும் பிரிவு

ஞானதிரவியத்தின் குடல் ஆஸ்பத்திரிக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டது. அவர் பாளையங்கோட்டையில் வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் சுமப்பவர். இதற்கெல்லாம் பதறுகிற ஆள் இல்லை.

"அண்ணாச்சி, உங்க குடல் இறங்கிட்டு" என்றார் கண்டக்டர்.

"அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அதுக்கு வழி தெரியுமா?"

தெரிந்திருந்தது. அவர் வார்டுக்குள் நுழைந்தபோது குடல் கட்டிலில் சாய்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஞானதிரவியத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

தலைமை அறுவை மருத்துவர் பூதலிங்கம் வந்தார். ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று குடலை விசாரித்தார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?"

"நாந்தான் சார் பேஷண்ட். வலி எனக்குத்தான்."

"ஆதாரம் இருக்கா?"

ஞானதிரவியம் ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பூதலிங்கம் அதை எக்ஸ்ரே போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல வலி ஒண்ணும் தெரியலையே."

கூட நின்ற டாக்டர் மெஹருன்னிசா அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். ஞானதிரவியத்துக்கு வெறும் தையலா, குடல் திரும்ப இறங்காமலிருக்க உள்ளே வலை வைத்துத் தைப்பதா என்று கேட்டார்.

"இங்க தையல்தான். என் குரு போட்டார். நான் போடுதேன்."

"எது நல்லதுன்னு பாத்திருக்கோமா சார்?"

"என்கிட்ட ஆபரேஷன் பண்ணினவங்க ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறை சொன்னதில்ல."

"அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

பூதலிங்கம் யோசித்தார். பிறகு வார்டின் பின்கதவைத் திறந்தார்.

நீண்ட நடைக்கூடம். அந்த ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்ட அத்தனை பேரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். எல்லார் கையும் அடிவயிற்றின் ஓரத்தில் இருந்தது. ஆள் சேரச் சேரக் கூடம் நீண்டுகொண்டே போயிருக்கிறது. வெயிலுக்குக் கட்டடம் விரிவதாக இன்ஜினியர்கள் சொல்லிவந்தார்கள்.

"ஏன் யாரும் வந்து சொல்லல?" என்றார் மெஹருன்னிசா.

"யாரும் கேக்கல தாயி" என்றார் முதலில் நின்ற பெரியவர். "கேக்காம எப்படிச் சொல்லுதது?"

"வலிக்கா?"

"குனிஞ்சா வலிக்கும்." சொல்லிவிட்டுப் பெரியவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கூடம் ஓர் ஆள் அகலம் சுருங்கியது.

அடுத்தவர் சிரித்த முகமாக நின்றார். "எனக்கு வலி கிடையாது. பெரிய டாக்டர் லீவுல போயிருந்தப்ப வேற ஒருத்தர் வலை வச்சாரு."

"பின்ன ஏன் நிக்கீங்க?"

"எல்லாரும் நிக்காங்களேன்னுதான்."

மெஹருன்னிசா கேட்டுக்கொண்டே போனார். ஞானதிரவியம் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். சும்மா நடக்க அவருக்குத் தெரியாது. தையல் மட்டும் போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு வலித்தது. வலை வைத்துக்கொண்டவர்களில் அநேகமாக யாருக்கும் வலிக்கவில்லை.

வரிசையின் கடைசியில் பூதலிங்கம் நின்றிருந்தார். எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கையும் அதே இடத்தில் இருந்தது.

"சார், உங்களுக்கு யாரு பண்ணினது?"

"என் குரு."

"வலிக்கா?"

"அவர்கிட்ட நான் சொன்னதே இல்லம்மா" என்றார். "சங்கடப்படுவார்."

ஞானதிரவியம் ஸ்டூலைக் கீழே வைத்தார். "உக்காருங்க சார்."

அன்றே மெஹருன்னிசா ஞானதிரவியத்துக்கு வலை வைத்தார். குடல் மறுபேச்சில்லாமல் உள்ளே போனது. முதல் தடவையாகக் கட்டில் அவருக்குக் கிடைத்தது.

மறுநாள் காலையில் பூதலிங்கம் வந்து கட்டிலருகே நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைச் செருமினார். அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லை. அடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"வலிக்கா?"

"மழைக்காலத்துல மட்டும் சார்" என்றது சுவர்.

பூதலிங்கம் நாற்காலியை இழுத்துச் சுவர் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். "எந்த இடத்துல?" என்றார், குரலைத் தாழ்த்தி.

ஞானதிரவியம் தன் முறைக்காகக் காத்திருந்தார்.