பச்சைத் தட்டு

மஹ்பூபா ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். லைனில் போடும் வெள்ளைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கிறாளே என்றுதான் கனகேஸ்வரிக்கு முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா, என் பேரு லிஸ்ட்ல இருக்காம். நீங்கதான் லிஸ்ட் போட்டீங்கன்னு சொல்றாங்க.”

“லிஸ்ட் நான் போடல. கணக்குதான் போட்டேன்.”

சொல்லி முடித்ததும் அந்த வித்தியாசம் அவளுக்கே அற்பமாகப் பட்டது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு தொழிற்சாலையாக ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே, மின்னணுச் சில்லுகளுக்குத் தங்கக் கம்பி ஒட்டும் லைனில் நாற்பது பெண்கள். எட்டுப் பேர் போக வேண்டும். முகம் பார்க்காமல், கணக்கு பார்த்து முடிவு செய்யலாம் என்று தரக் கட்டுப்பாட்டுத் தலைவர் ஆனந்தராஜா சொன்னபோது கனகேஸ்வரிக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. கெலுகோர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவள். மூன்று வருடமாக லைனிலிருந்து தட்டுகளோடு வரும் கார்டுகளைக் கணினியில் பதிந்துகொண்டிருந்தவள். இப்போதுதான் படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்தது. ஆறு மாதத்தில் ஒவ்வொருத்தியும் ஒட்டியது எத்தனை, அதில் கழிந்தது எத்தனை என்று பார்க்க ஒரு நிரல் எழுதினாள். கழிவு அதிகமுள்ள எட்டுப் பேரை நிரலே பொறுக்கிக் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே சூத்திரம். இதைவிட நியாயம் எது?

மஹ்பூபாவின் பெயர்தான் முதலில் இருந்தது.

“நூத்துக்கு நாலு புள்ளி ஆறு கழிவு,” என்றாள் கனகேஸ்வரி, குரலை மென்மையாக வைத்துக்கொண்டு. “மத்தவங்களுக்குச் சராசரி ரெண்டு புள்ளி ஆறுதான்.”

மஹ்பூபா மறுக்கவில்லை. “இருக்கும் அக்கா. ஹாலுஸ் எல்லாத்தையும் என் தலையிலதானே கட்டுறாங்க.”

“எது?”

“ஹாலுஸ் லாஹ். கம்பி முடி மாதிரி மெல்லிசா இருக்குமே. கார்டுல எச் போட்டிருக்குமே அக்கா, பாக்கலயா?”

கனகேஸ்வரி பார்த்திருந்தாள். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் எச் அல்லது கே. கண்ணாடிக்கு அப்பால் லைனில் நகரும் தட்டுகளில் சில பச்சை, சில மஞ்சள். ஹிஜாவ், கூனிங். மலாயில் பச்சை, மஞ்சள். அப்படித்தான் படித்தாள். அந்த எழுத்தையும் கணினியில் பதிந்து வைத்திருந்தாள். கணக்கில் மட்டும் சேர்க்கவில்லை. தட்டின் நிறம் கம்பியை அறுக்காது என்று யோசித்து, காரணம் ஆகாததைத் தள்ளிவிட்டோம் என்று அன்று திருப்தியும்பட்டாள். யோசனையில் பிழையில்லை. சொல்தான் பிழை.

“நீ லைனுக்குப் போ. நான் பாக்குறேன்,” என்றாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். நாலு மணிக்குப் பட்டியல் மேலே போய்விடும்.

எச் என்றால் ஹிஜாவ்தானே என்று லைனுக்குப் போய்க் கேட்டபோது, லைன் லீடர் நோர்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

“ஹிஜாவா? ஹாலுஸ், காசார். மெல்லிசு, தடிப்பு. ஏசி ரூம்ல உக்காந்து பாத்தா எல்லாம் கலராத்தான் தெரியும்.”

“மஹ்பூபாவுக்கு மட்டும் ஏன் ஹாலுஸ் அதிகம்?”

“கை நல்ல கை. உங்க வீட்டுல நல்ல பீங்கானை யாருகிட்ட கழுவக் குடுப்பீங்க, உடைக்கிறவகிட்டயா?” இப்போது நிமிர்ந்து பார்த்தாள். “நல்லா வேலை செய்றவளைத்தான் லிஸ்ட்ல போட்டிருக்கீங்க போல.”

கனகேஸ்வரி கணினிக்குத் திரும்பினாள்.

நிரலில் நாலு வரி மாற்ற வேண்டியிருந்தது. ஹாலுஸைத் தனியாக, காசாரைத் தனியாகப் பிரித்துப் போட்டாள். ஹாலுஸில் மற்றவர்களுக்கு நூற்றுக்கு எட்டு கழிந்தது, மஹ்பூபாவுக்கு ஐந்து. காசாரில் மற்றவர்களுக்கு இரண்டு, மஹ்பூபாவுக்கு ஒன்று. இரண்டிலும் மஹ்பூபாதான் மேல். ஆனால் அவள் ஒட்டிய பத்துத் தட்டில் ஒன்பது ஹாலுஸ்; மற்றவர்களுக்குப் பத்தில் ஒன்று. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் கடினமான வேலையை எடுத்துச் செய்தவள் மோசமானவளாகிவிடுகிறாள். கழிவு கூடியதற்கு அவள் கை காரணமில்லை. அவள் கையை நம்பிக் கொடுத்த தட்டுதான் காரணம்.

ஒரு பொதுக்கூற்று விழ ஒரே ஒரு எதிர் உதாரணம் போதும். வகுப்பில் கரும்பலகையில் அதைப் பார்த்தபோது எவ்வளவு அழகாக இருந்தது. இன்று அந்த உதாரணம் தொப்பியோடு வந்து எதிரில் நின்றது.

புதிய பட்டியலை அச்சு எந்திரம் வரிவரியாகத் துப்பியது. பழைய ஏழு பெயர்களும் அப்படியே இருந்தன. மஹ்பூபா இல்லை. கடைசியாக வந்த எட்டாவது பெயர் ஞானாம்பிகை.

மூன்று வருடமாகத் தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்து இருக்கை. யாரும் உட்காராமலிருக்கச் சாப்பாட்டுக் கேரியரை வைத்து இடம் பிடித்துத் தருகிறவள். ஹாலுஸ் ஒன்றுகூட அவளிடம் போகவில்லை. வெறும் காசாரில் நூற்றுக்கு மூன்று.

கனகேஸ்வரி கார்டுப் பெட்டியை இழுத்தாள். எந்திரம் பழுதான நாள், கம்பிச் சுருள் சரியில்லாத வாரம், காய்ச்சலோடு வந்த நாள் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்டாக முன்னும் பின்னும் திருப்பினாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். பாதியில் கை நின்றது.

காலையில் மஹ்பூபாவின் பெயர் இதே எந்திரத்திலிருந்துதான் வந்தது. அப்போது ஒரு கார்டைக்கூட எடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சூத்திரம் கொடுத்தாள். ஒரே சந்தேகத்தைக் கொடுக்கவில்லை.

மற்ற ஏழு பேரின் பெட்டிகளையும் இறக்கினாள். சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்தது. மூன்றே முக்கால் வரை தேடினாள். எட்டுப் பேருக்கும் அப்படி ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆனந்தராஜா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எரிச்சல் வந்தால் அவருக்கு வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

“பிள்ளை, காலமை நீர் தந்த தாளிலதானே நான் கையெழுத்து வச்சனான்.”

“அது பிழை, சார்.”

“ஏழு பேரோட விடலாமெண்டால் மேல ஒத்துக்கொள்ள மாட்டினம். ஒருத்தியை எடுத்தால் இன்னொருத்தியை வைக்கோணும்.”

“வச்சிருக்கேன்.”

அவர் கடைசிப் பெயரைப் படித்தார். ஞானாம்பிகையை அவருக்கும் தெரியும், கோயிலில் பார்க்கிறவள்.

“முதல் கணக்கு உம்மட பிழை எண்டு எழுதித் தாரும். அதில்லாமல் நான் மாத்த ஏலாது.” குரலைத் தாழ்த்தினார். “ஆபீசிலயும் ரெண்டு பேரைக் குறைக்கப் போகினம். தெரியும்தானே?”

தெரியும். எழுதாமல் திரும்பிப் போனால் ஞானாம்பிகையும் தப்பிப்பாள், தானும் தப்பிக்கலாம். போகிறவள் மஹ்பூபா ஒருத்திதான். அந்த எண்ணம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பேனாவை எடுத்து எழுதினாள். ‘எச் என்பதை நான் ஹிஜாவ் என்று தவறாகப் படித்துவிட்டேன்.’ கீழே முழுப் பெயரையும் போட்டாள். நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆனந்தராஜா தாள்களோடு மேலே போனார்.

பஸ்ஸில் கேரியர் வழக்கம்போல அவள் இடத்தில் இருந்தது.

“ஏன் லேட்டு கனகேஸ்? டிரைவர் போறேன்னு நிக்கிறான். நான்தான் பேச்சுக் குடுத்துப் பிடிச்சு வச்சேன்.” ஞானாம்பிகை கேரியரை மடிக்கு எடுத்துக்கொண்டாள். “லிஸ்ட் போயிருச்சா?”

“போயிருச்சு.”

“மஹ்பூபாவப் பாத்தா பாவமா இருந்துச்சு. மத்தியானம் சாப்பிடக்கூட இல்ல.”

“அவ பேரு இப்ப இல்ல.”

“நல்ல வேளை லாஹ். எப்படி?”

பஸ் நகர்ந்தது. பெயர்களை நாளைக் காலையில் ஆபீசில் சொல்வார்கள். இன்று பெயர் கசிந்துவிட்டதால், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. நாளைக்கு ஞானாம்பிகை கண்ணாடிக் கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள். கணக்குதான் போட்டேன் என்று அப்போதும் சொல்லிக்கொள்ளலாம்.

“ஞானா,” என்றாள் கனகேஸ்வரி. “லிஸ்ட் நான்தான் போட்டேன்.”

ஞானாம்பிகை அவளைப் பார்த்தாள். கேரியரின் மூடியைத் திறக்காமலே, “மஹ்பூபாவுக்குப் பதிலா என் பேரா?” என்றாள்.