ஆல்பெர் கடையின் ஐயாயிரம் ரூபாய் நன்மதிப்பு

1

இந்தக் கதையை நான் பேரம் பேசித்தான் வாங்கினேன். விற்றவர் தீவின் மலையூரான கியூர்பிப்பில் கணக்காளரான சுப்ரமணியன். தன் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று அவர் நின்றார். பெயர் போனால் சரக்கில் பாதி போய்விடும் என்று நான் நின்றேன். கடைசியில் பெயர் இருக்கட்டும், வழுக்கை வேண்டாம் என்று படிந்தது. ஆகவே, வாசகரே, இக்கதையில் சுப்ரமணியனுக்குச் சுருட்டை முடி.

2

முதல் தொடக்கம்: 1958. கியூர்பிப்பின் வானத்தில் கரிய மேகங்கள் யானைகளைப் போல…

(வேண்டாம். இந்த ஊரில் மழை பெய்வது ஒரு செய்தியே அல்ல.)

இரண்டாம் தொடக்கம்: போர்ட் லூயிஸ் துறைமுகத்து மொத்த வியாபாரி திருவேங்கடம், கியூர்பிப்பில் ஆல்பெரின் துணிக்கடையைப் பதினாலாயிரம் ரூபாய்க்கு வாங்கினார். சரக்கு, அலமாரி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம்தான் தேறியது. மீதி ஐயாயிரத்தைச் சுப்ரமணியன் சொத்துக் கணக்கில் 'நன்மதிப்பு' என்று எழுதினார்.

"அது எந்த அலமாரியில இருக்கு, மிஸ்யே?"

"அலமாரியில இல்லை. ஆல்பெர் கடைன்னு ஜனங்க தேடி வர்றாங்களே, அதுக்கு நீங்க குடுத்த விலை."

"ஆயோ! கண்ணுக்குத் தெரியாததுக்கா ஐயாயிரம்?"

"கோயில் உண்டியல்ல போடும்போது இப்படிக் கேட்டீங்களா?"

"அங்கே கற்பூரமாவது காட்டுறாங்க."

(இவர்கள் பேசியது தீவின் கிரியோல் மொழியில். தமிழுக்கு மாற்றி ஏற்றும்போது கொஞ்சம் சிந்தியிருக்கும். சேதாரம் என்னுடையது.)

3

ஆறு மாதத்தில் திருவேங்கடம் ஈ ஓட்டலானார். கியூர்பிப் குளிரில் அதற்கும் ஈ கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வங்கியிலிருந்து ஆள் வருகிறார். ஐயாயிரம் சொத்தாக நின்றால், கடைக்காக வாங்கிய கடன் நீளும். அதை நட்டம் என்று தள்ளி எழுதினால் வங்கி கடனை நிறுத்தும்; கடை போகும்; ஈடு வைத்த ருக்மணியின் நகைகளும் போகும். ருக்மணி, திருவேங்கடத்தின் மனைவி. ஆறு மாதமாக அவரோடு பேசுவதில்லை.

"அந்த நன்மதிப்பு இருக்குன்னு காட்டுங்க, விட்டுவைக்கிறேன்" என்றார் சுப்ரமணியன், சுருட்டை முடியைக் கோதியபடி.

[இந்த இடத்தில் திருவேங்கடத்தை நல்லவராக்கிவிடலாமா என்று யோசித்தேன். துணி அளக்கும்போது கட்டைவிரலையும் சேர்த்து அளக்கிறவர். நடுவாக விட்டுவிடுகிறேன்.]

4

திருவேங்கடம் தேர் ரூஜுக்குப் பஸ் ஏறினார். ஆல்பெர் அங்கே தக்காளிப் பாத்திக்கு நடுவில் நின்றிருந்தார்.

"நான் உங்ககிட்ட வாங்கினது என்ன, மிஸ்யே ஆல்பெர்?"

"விலை படியாம படி இறங்கினவங்களை என்ன பண்றீங்க?"

"போகட்டும்னு விட்டுடுவேன். எனக்கு ஒரே சொல்."

ஆல்பெர் தலையில் கை வைத்தார். "போந்த்யே, கடவுளே! படி இறங்குறது போறதுக்கா? நீங்க கூப்பிடுவீங்கன்னு மழையில நிக்கிறாங்க, மனுஷா! ஆறு மாசமா ஒருத்தரைக்கூடவா கூப்பிடலை?"

துறைமுகத்து மொத்த வியாபாரத்தில் 'முடியாது' என்றால் முடியாது. சில்லறையில் அது நலம் விசாரிப்பு. என் வீட்டில் இதைப் பால்குடி மறக்கும் முன்பே…

(சுயபுராணம். அடித்துவிட்டேன்.)

5

வெள்ளி காலை. சுப்ரமணியன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார். சிவகாமி என்ற பெண் பூப்போட்ட பருத்தித் துணியைக் கசக்கிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்டு, படி இறங்கினாள்.

திருவேங்கடம் பழக்கமில்லாத தொண்டையைத் திறந்தார்: "மதாம்! வாங்க!"

நான்கு பெண்கள் உள்ளே வந்தார்கள். எதிர்த் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருந்த மற்றவர்களும் தங்களைத்தான் என்று எண்ணிவிட்டார்கள்.

"இதைப் போன மாசமே கூப்பிட்டா என்னவாம்?" என்று யொலாந்த் என்பவள் கோபித்துக்கொண்டாள்.

சுப்ரமணியன் புன்னகையோடு பேனாவை மூடினார். இங்கேயே முடித்திருப்பேன். சிவகாமி விடவில்லை. மறுபடியும் அதே பாதி விலை.

"அந்த விலைக்கு ஆல்பெர் குடுத்தாரா?" என்றார் திருவேங்கடம்.

"குடுக்கமாட்டார்" என்றாள் அவள். "ஆனா ரெண்டாம் தடவையும் கூப்பிடுவார்."

மறுபடி படி இறங்கினாள். மற்ற மூவரும், ஒற்றுமைக்காக, கூடவே இறங்கினார்கள். சுப்ரமணியன் பேனாவைத் திறந்தார். தெருமுனையில் வங்கிக்காரரின் கார் திரும்புகிறது.

6

கைவசம் இரண்டு முடிவுகள். ஒன்றில் திருவேங்கடம் விலையை இறக்கிக் கூப்பிடுகிறார். நன்மதிப்பு நிற்கிறது, லாபம் கரைகிறது. மற்றதில் ரோஷம் வந்து வாயை மூடிக்கொள்கிறார்; கடையும் நகையும் போகின்றன. ருக்மணி ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பேசுகிறாள், அந்த வார்த்தைகள் அச்சில் ஏறாதவை.

இரண்டையும் நான் விற்கப்போவதில்லை. திருவேங்கடத்தின் வாய் திறந்திருக்கிறது. எந்த விலையை வைத்தாலும் உங்களில் பாதிப்பேர் ஏமாந்தோம் என்பீர்கள். அதனால் விலையை நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க, தகரக் கூரையில் மழை பலமாக இருக்கிறது.