பெத்லகேமுக்குள் ரவுட்டர்

"மறுபடியும் நின்னு போச்சும்மா. பாலத்து மேலயே நிக்குது."

"பிரேக் எதனா அடிச்சியா நைனா?"

"நடுப்பாலத்துல எவனாவது பிரேக் அடிப்பானா? பின்னால லாரிக்காரன் வந்துகினு இருக்கான்."

ஸ்வீட்லின் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கட்டிலில் அவளுடைய அப்பா ஜெபதுரை தலையணைகளில் சாய்ந்திருந்தார். மடிக்குமேல் போட்ட பலகையில் பழைய லேப்டாப், அதன்முன் சின்ன ஸ்டீயரிங். திரையில் பேருந்து கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஆறு பாதி பச்சை, பாதி சாம்பல்.

திருத்தணி–பள்ளிப்பட்டு தடத்தில் ஆயுசெல்லாம் தனியார் பேருந்து ஓட்டியவர். குளியலறையில் வழுக்கித் தொடையெலும்பு முறிந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். சாப்பிட்டியா என்றால் ஆங், வலிக்குதா என்றால் ஆங். கிறிஸ்துமஸ் லீவுக்கு நேற்று சென்னையிலிருந்து வந்த ஸ்வீட்லின் இந்தப் பேருந்து விளையாட்டைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "ஹாரன் இருக்கா?" இன்று காலை காக்கிச் சட்டையையே மாட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது மெதுவாக ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "போதும்மா. எடுத்து வெச்சுடு." முகம் சுவர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

"இரு நைனா, அஞ்சு நிமிசம்."

விளையாட்டு ஓடுவது மாடியிலிருக்கும் அவளுடைய பெரிய கம்ப்யூட்டரில். அது படத்தைப் பொடிப்பொடிப் பொட்டலங்களாகக் கட்டி வைஃபையில் அனுப்பும். லேப்டாப் பிரித்துச் சேர்த்துக் காட்டும். வழியில்தான் பொட்டலங்கள் தொலைந்துகொண்டிருந்தன. திரையின் மூலையில் 'பாக்கெட் லாஸ்' என்ற எண் காய்ச்சல்போல ஏறி ஏறி இறங்கியது. படத்தின் தரத்தைக் குறைத்தாள். வைஃபையின் அலைவரிசையை மாற்றினாள். வீட்டிலிருந்த செல்போன்களையெல்லாம் அணைத்தாள். சமையலறையில் அச்சுமுறுக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸிமேல்கூடச் சந்தேகப்பட்டு நிறுத்தச் சொன்னாள். எண் இறங்கவில்லை.

கடைசியில் லேப்டாப்பைக் கைக்குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தாள். வைஃபை பெட்டி இருக்கும் ஹாலுக்கு வந்தால் சிக்னல் தேறவேண்டும். தேறவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். காலி.

"அம்மா! ரவுட்டர் எங்க?"

"பெத்லகேம்ல," என்றாள் யூனிஸ், சமையலறையிலிருந்து, சர்வசாதாரணமாக.

ஹால் மூலையில் கிறிஸ்துமஸ் குடில். இந்த வருஷம் அம்மா தனியாளாகக் கட்டியது. பழுப்புக் காகித மலை, முளைவிட்ட கேழ்வரகுப் புல்வெளி, நடுவில் குகை. ஸ்வீட்லின் குனிந்து பார்த்தாள். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் பின்னால் ரவுட்டர் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. குகை முழுக்க, கூரைவரைக்கும், பிரியாணி கட்டும் சில்வர் பேப்பர்.

"லைட்டு மினுக்குதேன்னு நட்சத்திரத்துக்கு வெச்சேன். பேப்பர் ஒட்டுனா நாலா பக்கமும் வெளிச்சம் அடிக்குதுடி," என்றாள் யூனிஸ், மாவுக்கையோடு வந்து நின்று.

"வெளிச்சம் அடிக்குது, இந்தப் பேப்பரைத் தாண்டி வைஃபை அடிக்கலையேம்மா! நைனாவோட பஸ்ஸை உள்ளயே புடிச்சு வெச்சுக்கினு இருக்கே!"

ஸ்வீட்லினுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. யூனிஸ் சிரிக்கவில்லை. "சாயங்காலம் கேரல் பாடுறவங்க வராங்க. போன வருசம் பக்கத்து வீட்டு பெபி குடில்ல அருவியே ஊத்துச்சு. நட்சத்திரமும் இல்லன்னா பாலனைப் பாக்க மூணு ராஜாவும் எப்படிடி வழி கண்டு வருவாங்க?"

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நான் ஏத்திக்கினு வரேன்னு சொல்லு. டிக்கெட் வேணாம்."

கேலி பேசும் அந்தப் பழைய குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. யூனிஸ் தானே மண்டியிட்டு, சூசையப்பரை நகர்த்தி, ரவுட்டரை வெளியே இழுத்து ஜன்னல்மேல் வைத்தாள். குகை இருண்டது. திரையின் மூலையில் எண் சறுக்கிச் சறுக்கிப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது.

ஸ்வீட்லின் லேப்டாப்பைப் பலகையில் வைத்ததும் பாலம் நகர்ந்தது. ஆறு முழுப் பச்சையாயிற்று. ஜெபதுரை ஹாரனை அழுத்தினார்; தெருநாய் ஒன்று பதில் குரைத்தது. மலை வளைவுகளில் வண்டி ஒரு துளிகூட உடையாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. "ஒதுங்குடா டேய்!" என்று லாரிக்காரனை விரட்டினார்.

மேலே ஒரு நிறுத்தம். ஒரு பொத்தானை அழுத்தினார். கதவு புஸ்ஸென்று திறந்தது.

அறை வாசற்படியில் யூனிஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமான புதிதில் அவளைத் தன் பேருந்தில் ஏறவே கூடாதென்று சொல்லியிருந்தார். நீ உக்காந்தா என் கண்ணு ரோட்டுல இருக்காது, கண்ணாடியிலதான் இருக்கும், ஊரையே குப்புறக் கவுத்துடுவேன். அன்றிலிருந்து அவள் அடுத்த பேருந்தில்தான் வந்தாள்.

ஜெபதுரை திரும்பாமலே பேசினார். "யூனிஸு, ரோடு காலியா கீது. இப்ப ஏறேன்."

அவள் கையில் குடில் ராஜாக்களில் ஒருவர் இருந்தார், மாவு ஒட்டிய கிரீடத்தோடு. திரையில் கதவு திறந்தபடியே இருந்தது. வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது.