உப்புப் படாத நெல்

நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம் என்று எவள் சொன்னாளோ, அவளை ஒரு போகம் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டும். என் புருஷன் கலியபெருமாள் பொய் சொல்லமாட்டார். சிங்கவரம் முழுக்க அதற்குப் பேர்போனவர். அந்தப் பேரைப் போட்டு உலை வைக்க முடியுமா?

எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. செஞ்சி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்த வெங்கடரமணன் செட்டியாரின் ஒரு காணியை வாரத்துக்குப் பயிர் செய்துகொண்டிருந்தோம். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. மூட்டையில் வருகிற வெள்ளை உரத்துக்கு எங்கள் பக்கம் உப்பு என்று பேர். அறுபத்தாறில் ஊரே அந்த உப்புக்கு அலைந்தது. செட்டியார் அதை ஊருக்கெல்லாம் விற்றார். தன் வீட்டுச் சோற்றுக்கு மட்டும் உப்புப் படாத நெல் வேண்டும் என்றார்.

"ஊரான் வயிறு இன்னா ஆனாலும் பரவாயில்லை போல" என்று நான் முணுமுணுப்பேன்.

"வாயை மூடுடி. கஞ்சி ஊத்தற நெலம்" என்பார் இவர்.

அந்தக் காணிக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமா? உப்புக்குப் பதிலாக ஆட்டுக்கிடை போட்டோம். ஆவாரந்தழையும் எருக்கந்தழையும் வெட்டி வந்து சேற்றில் மிதித்தோம். எருக்கூடை சுமந்தே என் உச்சந்தலை முடி கொட்டிப்போனது. எங்கள் பங்கு நெல்லையும் செட்டியாருக்கே கொடுத்துவிட்டுக் கேழ்வரகு வாங்கிக் கூழ் காய்ச்சினோம். அதில் விளைந்த சம்பாச் சோற்றை என் பிள்ளைகள் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை.

அறுவடைக்கு அறுவடை களத்தில் ஒரு சத்தியம் உண்டு. செட்டியாரைப் பெற்ற அம்மா ராஜாம்பாள் வைத்த சட்டம் அது. நெல்லை அளக்கும் முன்னால் குவியலுக்கு எதிரே கற்பூரம் ஏற்றுவார்கள். பயிர் செய்தவன் அதை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இந்த நெலத்துல உப்புப் படலை" என்று சொல்ல வேண்டும். இவர் வருஷா வருஷம் தயங்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் எங்களுக்கு மேல்நிலத்துக்காரன் சம்பந்தம் உப்பை வாரி இறைத்தான். மறுநாளே பெரிய மழை. வரப்பு உடைந்து அவன் வயல் தண்ணீர் அத்தனையும் எங்கள் காணியில் இறங்கியது. பயிர் கருகருவென்று எழும்பியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இவரோ மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

களத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். கையை நீட்டியவர் மடக்கிக்கொண்டார்.

"நான் போடலை மொதலாளி. அதுக்கு எத்தினி சத்தியம் வேணும்னாலும் பண்றேன். ஆனா மேல இருந்து தண்ணி எறங்கிடுச்சி. நெலத்துல படலைன்னு எப்படிச் சொல்றது?"

"அடப்பாவி மனுஷா! மழை பேஞ்சதுக்கு நீ இன்னாய்யா பண்ணுவ? அடிச்சி அணைய்யா!" என்று கத்தினேன்.

"பட்டது பட்டதுதானே, அம்மாக்கண்ணு."

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது.

"யார் போட்டா எனக்கின்னா? பட்ட நெல்லு என் வூட்டுக்கு வேணாம்" என்றார் செட்டியார். அது அவர் கடையில் விற்ற உப்புதான் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. நிலம் போய்விடுமே என்று அடக்கிக்கொண்டேன். அடக்கி என்ன கண்டேன்? நெல்லை மண்டியில் தள்ளினார், ஊரான் தின்னட்டும் என்று. காணியைச் சம்பந்தத்திடம் விட்டார். மேல்நிலமும் அவனுடையது, தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்வானாம்.

பிறகு எங்களுக்குக் கூலிவேலைதான். கூப்பிடுகிறவனும் அதே சம்பந்தம். ஒருநாள் களை எடுக்கப் போனால், இவர் இடுப்பில் கூடையோடு எங்கள் காணியில் இறங்கி உப்பு வீசிக்கொண்டிருக்கிறார். எங்கள் காணி என்றுதான் பாழாய்ப்போன வாய் இன்னும் சொல்கிறது.

"இன்னாய்யா பண்ற?"

"கூலிக்கு வந்தவன் சொன்னதைச் செய்யணும்" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அறுவடை வந்தது. சம்பந்தம் கற்பூரத்தைப் பட்டென்று அடித்து அணைத்தான். "உப்புப் படலை மொதலாளி. எங்கம்மா மேல ஆணை." உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த முறத்தை வீசினேன். "பொய்! மூட்டை மூட்டையா போட்டான். வீசினது என் வூட்டுக்காரர்தான், கேளுங்க!"

"நெலம் போன வயித்தெரிச்சல் பேசுது" என்று சிரித்தான் சம்பந்தம். ஆனால் என் புருஷன் பக்கம் திரும்பியபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. நாளைக்கு வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை அது.

செட்டியாரும் இவர் பக்கம் திரும்பினார். "கலியபெருமாளு, நீ சொல்லு. நீ பொய் சொல்லமாட்டேன்னு போன வருசமே பார்த்தேன். உனக்குக் கற்பூரம்கூட வேணாம்."

பார்த்தாராம்! பார்த்துவிட்டுத்தான் பிடுங்கினாரா? இருந்தாலும், சொல்லிவிடுய்யா, சாமி, சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

இவர் குவியலைப் பார்த்தார். வீட்டில் காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை.

"இல்லைங்க மொதலாளி. உப்புப் படலை."

செட்டியார் மூச்சு விட்டார். "அப்ப சரி. பட்டிருந்தா காணியை மறுபடி உங்கிட்டயே விட்டுடணும்னு அம்மா சொல்லி அனுப்பினா. நல்லவேளை, அலைச்சல் மிச்சம்."

சம்பந்தம் நெல் அளக்கிற மரக்காலை எடுத்து என் புருஷன் கையில் கொடுத்தான். இவர் குனிந்து நெல்லை அள்ளினார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டோம். களத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "லாபம்" என்று சொல்லிச் செட்டியார் சாக்கில் கொட்டினார்.