இரண்டாயிரத்து நூறு மீட்டரில் பதின்மூன்று நாள்

1

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் தொடங்கியது. கடிதம் எனக்குக் கைவந்த வேலை. விடுப்பு விண்ணப்பம், தண்ணீர் வராத புகார், இரங்கல், எதுவானாலும் தேதி, விளிப்பு, பொருள் என்று பள்ளியில் கற்றுக்கொடுத்த வரிசையில் எழுதிவிடுவேன். இந்தக் கடிதம் மட்டும் மூன்று முறை ‘பொருள்:’ வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கதையென்றால் பொருளை முதலிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை. அதனால் கதை.

இப்போது மணி மூன்று இருபது. நான்கு மணிக்கு என் அக்கா எதிர் அறையில் தேர்வாளர்கள் மூவர் முன்னால் தன் ஐந்து வருட ஆராய்ச்சியைச் சொல்லிப் பட்டம் வாங்க வேண்டும். நான் வெளியே, நடைவழி நாற்காலியில்.

2

[தொடக்கம் அ: ‘மலை ஏற ஏறக் குளவிக்கு மூச்சு வாங்கியது.’ வேண்டாம். வாங்கியது எனக்குத்தான்.]

தொடக்கம் ஆ: ஒரு குளவி, சிலந்தியைக் கொஞ்ச நேரம் மயக்கி, அதன் முதுகில் ஒரே ஒரு முட்டை இடுகிறது. சிலந்தி எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல வலை பின்னுகிறது, இரை பிடிக்கிறது. முட்டையிலிருந்து வந்த புழு முதுகில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சியே வளர்கிறது. கடைசியில் சிலந்தி வழக்கமான வலையை விட்டுவிட்டு நாலைந்து தடித்த இழைகளை மட்டும் கட்டுகிறது. புழு கூடு கட்டித் தொங்க அது போதும். வேலை முடிந்ததும் புழு அதைக் கொன்றுவிடுகிறது.

(அக்காவின் கேள்வி: மலையில் உயரம் கூடக்கூட இது எப்படி மாறுகிறது? அடிவாரத்தில் புழு வளர்ந்து முடிக்கப் பன்னிரண்டு நாள். நடு நிலையத்தில் பதினேழு. இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயர உச்சிக் குளிரில் இருபத்தைந்து நாளாவது ஆகும், அதற்குள் சிலந்தி தன் முட்டைகளை இட்டு வம்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வந்தது பதின்மூன்று. ‘உச்சிக் குளவி குளிருக்குப் பழகிவிட்டது; சிலந்திக்கு இனி மேலேயும் தப்பிக்க இடமில்லை’ என்பது அக்காவின் முடிவு. ஆய்வேடு அதன் மேல்தான் நிற்கிறது.)

3

கதாபாத்திரம்: உச்சி நிலையத்துக் காவல்காரர். ஐம்பது வயது, கம்பளித் தொப்பி, ஓயாத இருமல். இருபது சிலந்திப் பெட்டிகளை மூன்று வாரம் பார்த்துக்கொண்டவர். பெட்டிகள் வெளி அலமாரியில், குளிரில்தான் இருக்க வேண்டும். காவல்காரர் ஒரு நாள்

[இந்த ஆள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொப்பி நன்றாக இருக்கிறது. இருமலும் பரவாயில்லை.]

4

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்துவிட்டாள்.

“என்னடா கிறுக்கிட்டிருக்கே?”

“கதை.”

“யாரு சாகுறா?”

“சிலந்தி.”

“இதுக்கா நான் அஞ்சு வருஷம் மலை ஏறினேன்? உன்னையே கேட்டிருக்கலாம். குடு, பாப்போம். உள்ள உக்காந்தே இருக்க முடியல.”

எழுதி முடித்திருந்த இரண்டு பக்கங்களை உருவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் பக்கம் என் பேனாவுக்கு அடியில்.

“யாருக்குடா கடிதம்? வீட்டுக்குத் தெரியாம யாராச்சும் இருக்காளா?”

“படி அக்கா.”

“புழு சமாசாரம் சரியாத்தான் எழுதியிருக்கே. எங்க சாரே இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்குவார்.”

சிரிக்கிறாள். அவள் சிரித்துப் பார்த்து ஒரு வாரம் ஆகிறது.

5

அவள் இன்னும் காவல்காரரிடம் வரவில்லை. வேகமாக எழுதுகிறேன்.

உச்சியில் காவல்காரர் யாரும் கிடையாது. அலுவலகத்தில் லீவு போட்டுவிட்டு உதவிக்குப் போனவன் நான். இரண்டாம் நாள் காலையில் ஒரு சிலந்தி கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது; முதுகில் புழு. செத்துவிட்டால் அக்கா திட்டுவாளே என்று இருபது பெட்டிகளையும் தூக்கி அறைக்குள் ஹீட்டர் பக்கம் வைத்தேன். தினமும் ஏழு மணிக்கு வெளியே போய் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தேன். நோட்டில் ஒரு எண் கூடப் பொய்யில்லை. வெப்பமானி வெளியே இருந்தது. சிலந்திகள் உள்ளே இருந்தன. அக்கா ஏறி வருகிற நாளில் பெட்டிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

பதின்மூன்று என்று கேட்டதும் அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். எட்டு மாதம் ஆகிறது. விஷயம் இவ்வளவு பெரியது என்று தெரியாது என்று எழுதினால், காவல்காரரை அடுத்து நான் எழுதும் இரண்டாவது பொய் அது.

6

முடிவு ஒன்று: இந்தப் பக்கம் என் சட்டைப்பைக்குள் போகிறது. அக்காவுக்குப் பட்டம். என்றாவது யாரோ அதே மலையில் ஏறி, எண்ணிப் பார்த்து, அவள் பெயரைக் கெடுப்பார்கள்.

முடிவு இரண்டு: அக்கா படிக்கிறாள். உள்ளே போய், உச்சி நிலையத்தின் கணக்கு தப்பு என்று தானே சொல்கிறாள். [எழுதச் சுலபம். மூன்று பேர் முன்னால் நிற்கப்போவது நான் இல்லையே.]

முடிவு மூன்று: நானே கதவைத் தட்டி

“காவல்காரரா? அங்க ஏதுடா காவல்காரர்?”

உதட்டில் சிரிப்பு மிச்சம் இருக்கிறது. குரலில் இல்லை.

“பெட்டி வெளியதான் இருக்கணும்னு எழுதிட்டுப் பாதியில விட்டிருக்கே. ஒரு நாள் என்ன பண்ணினார்?”

மூன்று ஐம்பத்திரண்டு. உள்ளே நாற்காலிகள் இழுபடுகின்றன. அவள் கையை நீட்டுகிறாள்.

“டேய். அடுத்த பக்கம்.”

வாசகரே, இது உங்களிடம் வந்துவிட்டதால் அவளிடமும் போயிருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். சட்டைப்பையில் ஒளித்த காகிதமும் ஒருநாள் அச்சுக்குப் போகும். நான் கட்டைவிரலை இந்தப் பக்கத்தின் மேல் அழுத்திப் பிடித்திருந்தேன். இப்போது பிடித்திருப்பது நீங்கள்.

அவள் இன்னும் கையை நீட்டியபடி இருக்கிறாள்.